ஃப்ளோரிடாவின் ஊற்றுப் பூங்காக்கள்: எதற்கு, எப்போது, யாரோடு போவது?

ஆர்லாண்டோவில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். முதல் இரண்டு நாள் தீம் பார்க், அடுத்த நாள் கடற்கரை. அதற்கப்புறம் "வேற என்ன இருக்கு?" என்று கேட்கும்போது நான் சொல்வது ஒன்றுதான்: ஊற்றுக்குப் போகலாம். இந்த மாநிலத்தில் எனக்கு ஆகப் பிடித்த விஷயம் அதுதான். தரையைப் பிளந்துகொண்டு கண்ணாடி மாதிரித் தண்ணீர் வரும், அது அப்படியே ஆறாக ஓடும். முதல் தடவை பார்த்த அன்று நான் அரை மணி நேரம் பேசாமல் நின்றேன்.

ஆனால் எந்த ஊற்று? ஃப்ளோரிடாவில் கணக்கெடுத்தவை மட்டும் ஆயிரத்துக்கு மேல். மாநிலப் பூங்காக்களாக இருப்பவையே நிறைய. இணையத்தில் தேடினால் எல்லாப் படமும் ஒரே நீலமாக இருக்கும். எதையோ ஒன்றைப் பிடித்துக் கிளம்பிவிடுவோம். போய்ப் பார்த்தால் குளிக்க நினைத்த இடத்தில் குளிக்க அனுமதி இருக்காது, நடக்க முடியாதவரைக் கூட்டிப்போன இடத்தில் படகு இருக்காது. பத்து வருடமாக மாற்றி மாற்றிப் போய்வந்ததில் எனக்குத் தெளிவான ஒரு விஷயம் உண்டு. எந்த ஊற்று அழகு என்று பார்த்து முடிவெடுக்கக் கூடாது, எல்லாமே அழகுதான். எந்த மாதம், வண்டியில் யார் யார், இந்த இரண்டை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மாதம் ஏன் முக்கியம் என்றால், தண்ணீரின் சூடு மாறவே மாறாது. மத்திய ஃப்ளோரிடா ஊற்றுகள் எல்லாமே வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட 22 டிகிரி செல்சியஸ். இங்கே உள்ளவர்கள் 72 டிகிரி ஃபாரன்ஹீட் என்பார்கள். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் சித்திரை மதியத்தில் ஜில்லென்றும் இருக்குமே, அதே கணக்குத்தான். மண்ணுக்குள் கிடக்கும் தண்ணீருக்கு வெளியே என்ன பருவம் என்று தெரியாது. ஜூலையில் வெளியே 34 டிகிரி கொளுத்தும்போது இறங்கினால் மூச்சு ஒரு நொடி நின்று வரும். ஜனவரிக் குளிர்காலையில் அதே தண்ணீரின் மேல் ஆவி பறக்கும். கோடையில் இது மனிதர்களுக்கான இடம், குளிர்காலத்தில் விலங்குகளுக்கான இடம். இதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

குளிர்கால விருந்தாளி என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், ப்ளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்காதான். ஆர்லாண்டோவிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம், ஆரஞ்ச் சிட்டி என்ற சிற்றூரில் செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. வண்டிக்கு 6 டாலர், எட்டுப் பேர் வரை போகலாம். ஆற்றுத் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் மானட்டி என்னும் கடற்பசுவால் நெடுநாள் தாங்க முடியாது. அதனால் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை, குளிர் ஏறும்போதெல்லாம் அவை ஆற்றை விட்டு இந்த ஊற்று ஓடைக்குள் வந்து ஒதுங்குகின்றன. அந்த மாதங்களில் மனிதர்கள் ஓடைக்குள் கால் வைக்கக் கூடாது, நீச்சல், படகு எதுவும் கிடையாது. ஓடைக்கரையோடு அரை கிலோமீட்டர் போல மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். மேலே நின்று பார்ப்பதுதான்.

"பார்ப்பது மட்டும்தானா" என்று குறைத்து நினைக்க வேண்டாம். என் அம்மா மல்லிப்பட்டினம் பக்கம் கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். போன ஜனவரியில் அவரை இங்கே கூட்டிவந்தேன். முந்தின இரவு நல்ல குளிர். எட்டு மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போய்விட்டோம். பலகைப் பாதையின் முதல் மேடையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அம்மா கீழே பார்த்தார். முதலில் கல் என்றுதான் நினைத்தார், சாம்பல் நிறத்தில் நீளநீளமாகப் பாசி படிந்த கல். ஒரு கல் மெதுவாக மேலே வந்தது, இரண்டு மூக்குத் துளை திறந்தது, 'புஸ்' என்று ஒரு மூச்சு, மறுபடி உள்ளே போனது. பக்கத்தில் ஒரு குட்டி, தாயின் கைத்துடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டு.

"டேய், இது ஆவுளியாடா!" என்றார் அம்மா. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வலையில் மாட்டி வந்த ஒன்றைக் கரையில் பார்த்தாராம். உயிரோடு, தண்ணீருக்குள், யாருக்கும் பயப்படாமல் பார்ப்பது அன்றைக்குத்தான்.

ஆவுளியா என்று அம்மா சொன்னது நம் கடலில் இருக்கும் கடற்பசு. அதுவும் மானட்டியும் ஒன்றுவிட்ட சொந்தம். நம் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியாவின் வால் டால்பின் வால் போலப் பிளந்திருக்கும். மானட்டியின் வால் தோசைத் திருப்பி மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும். ஆவுளியா கடலை விட்டு வராது, மானட்டி ஆற்றுக்குள்ளும் வரும். அம்மா ஊர்க்கடல் பகுதியைச் சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்ததை அங்கே நின்றபடி அவருக்குச் சொன்னேன். "அப்ப இங்க மாதிரி அங்கயும் பெருகுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி நியாயமானது, ஏனென்றால் இங்கே உண்மையிலேயே பெருகியிருக்கிறது. 1970-ல் இந்த ஓடைக்கு வந்த மானட்டிகளை எண்ணியபோது 14 தான். 1972-ல் மாநிலம் இடத்தை வாங்கிப் பூங்காவாக்கியது. 2024 ஜனவரியில் ஒரே காலையில் எண்ணியது 932. முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரியும். அவை படகின் சுழல்விசிறி வெட்டிய தழும்புகள். அந்தத் தழும்புகளை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, பெயர் வைத்துப் பதிவு செய்கிறார்கள். அம்மாவுக்கு அது தெரிந்தபோது முகம் வாடிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. குளிர்காலத்தில் போனாலும் வெயில் அடிக்கும் இதமான நாளாகப் பார்த்துப் போனால் மானட்டிகள் ஆற்றுக்குத் தின்னப் போயிருக்கும். ஓடை காலியாகக் கிடக்கும். நமக்கு ஸ்வெட்டர் பற்றாத நாள்தான் சரியான நாள். கோடையில் இதே ஓடையில் குளிக்கலாம், ஆனால் குளிப்பதற்கு என்று போனால் இதைவிட நல்ல இடங்கள் உண்டு.

குளிக்கத்தான் வேண்டும், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நீச்சல் தெரியாது என்றால் வெக்கிவா ஸ்பிரிங்ஸ். அப்பாப்கா ஊருக்குப் பக்கம், ஆர்லாண்டோவிலிருந்து அரை மணி நேரம்தான். இதுவும் வண்டிக்கு 6 டாலர். புல்சரிவு இறங்கிப் போனால் கீழே பெரிய கோயில் குளம் மாதிரி, கல்கரை கட்டி, படி வைத்த ஊற்று. பெரியவர்களுக்குப் பெரும்பாலான இடத்தில் கால் எட்டும். என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தார். பொடி மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தின. ஒரு மணி நேரம் அசையவில்லை. அங்கிருந்து ஆறு தொடங்குகிறது, கயாக் வாடகைக்குக் கிடைக்கும். மேசை, நிழல், கறி சுடும் அடுப்பு எல்லாம் உண்டு. புளியோதரையும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்க இருக்கலாம்.

இதன் குறை கூட்டம். நகரத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்தால் வேறென்ன நடக்கும்? மே முதல் செப்டம்பர் வரை சனி ஞாயிறில் பத்து மணிக்கு மேல் போவதாக இருந்தால் இதை மறந்துவிடுங்கள். இடம் நிரம்பினால் வாசலை மூடிவிடுவார்கள். ஒரு தடவை நாங்கள் ஏழு பேர், இரண்டு ஐஸ்பெட்டி, தூங்கிப்போன ஒரு குழந்தையோடு ஒரு பூங்காவின் வாசலில் அப்படித் திரும்பியிருக்கிறோம். வீட்டுக்கு வந்து தயிர்சாதத்தை வரவேற்பறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாநிலப் பூங்காக்கள் பெரும்பாலும் காலை எட்டுக்குத் திறந்து சூரியன் மறையும்போது மூடுபவை. எட்டு என்றால் எட்டுக்கு வாசலில் இருங்கள், அல்லது வாரநாளில் போங்கள். கிளம்பும் முன் பூங்காவின் இணையப் பக்கத்தில் முன்பதிவு உண்டா, இன்று திறந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

கோடைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஜூன் தொடங்கிவிட்டால் மதியம் இரண்டு மூன்று மணிக்கு மேகம் திரண்டு இடி இடிக்கும். இடிச்சத்தம் கேட்டதும் எல்லாரையும் தண்ணீரை விட்டு ஏறச் சொல்வார்கள். சொல்லவில்லை என்றாலும் ஏறிவிட வேண்டும். ஃப்ளோரிடா மின்னல் விளையாட்டு இல்லை. ஆகவே குளியல் காலையில்தான். முதலைக்குப் பயந்து குளிக்காமல் இருக்க வேண்டியதில்லை, ஆனால் கயிறு கட்டிக் காட்டிய எல்லையைத் தாண்டவும் கூடாது. ஆறு அவற்றின் வீடு.

நடக்கவும் முடியாது, நீந்தவும் வேண்டாம், ஆனால் ஊற்றுக்கண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்கிற தாத்தா பாட்டிக்கு ஓக்காலா பக்கத்தில் உள்ள சில்வர் ஸ்பிரிங்ஸ். ஒன்றரை மணி நேரப் பயணம். இங்கே நீச்சல் அறவே கிடையாது. இருப்பது கண்ணாடி அடிப்படகு. 1870-களில் தொடங்கி இன்றுவரை ஓடுகிறது. பூங்கா நுழைவு ஆளுக்கு 2 டாலர், படகுக்குத் தனியாகச் சீட்டு. இருக்கையில் உட்கார்ந்தபடியே குனிந்தால் காலுக்குக் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே பல அடி ஆழத்தில் பாறைப் பிளவு. அதிலிருந்து தண்ணீர் வருவது எப்படித் தெரியும்? வெள்ளை மணலும் சிப்பித் தூளும் பானையில் அரிசி கொதிப்பது போலத் துள்ளிக்கொண்டிருக்கும். மற்ற எந்தப் பூங்காவிலும் ஊற்றுக்கண்ணை இத்தனை சுகமாகப் பார்க்க முடியாது.

சில்வர் ஸ்பிரிங்ஸ் தனியார் பொழுதுபோக்கு இடமாக இருந்து 2013-ல்தான் முழுமையாக மாநிலப் பூங்காவானது. அந்தப் பழைய காலத்தில் இந்தப் படகுகளை ஓட்டிய கறுப்பினத்தவர்கள் விருந்தாளியாக இங்கே வர முடியாது. அவர்களுக்கென்று ஆற்றில் ஒரு மைல் தள்ளி பாரடைஸ் பார்க் என்று ஒன்று 1949 முதல் 1969 வரை தனியாக இருந்தது. தண்ணீர் ஒன்றுதான், துறை வேறு. ஊர்க்குளத்தில் யார் எந்தப் படியில் இறங்கலாம் என்று வகுத்து வைத்த கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படகில் ஏறும் முன் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

அப்புறம் குரங்கு. 1930-களில் படகுச் சுற்றுலா நடத்திய ஒருவர் ஆற்றில் ஒரு தீவு அமைத்து ரீசஸ் குரங்குகளைக் கொண்டுவந்து விட்டார். குரங்குக்கு நீந்தத் தெரியாது என்று நம்பினார். அவை நீந்திக் கரையேறின, இன்றும் அந்தக் காட்டில் திரிகின்றன. நம் ஊர்க் கோயில்களில் பார்க்கும் இனம் இல்லை, வட இந்தியாவில் உள்ளது. பிள்ளைகள் ஆசையாகத் தின்பண்டம் நீட்டக் கூடாது. கடித்தால் ஆபத்தான வைரஸ் தொற்றும் வாய்ப்பு உண்டு.

வண்டியில் இளசுகள் மட்டும் என்றால், அல்லது மச்சான் மச்சினிச்சி எல்லாம் சேர்ந்து போகும் கோடை நாள் என்றால், தூரத்தைப் பார்க்காமல் இச்சட்டக்னி போங்கள். ஃபோர்ட் வைட் ஊர்ப் பக்கம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டு ஊற்றுகள் சேர்ந்து உண்டாக்கும் ஆறு மைல் ஆறு அது. முடிவில் சாண்டா ஃபே ஆற்றில் கலக்கிறது. காற்றடைத்த ரப்பர் வளையத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், துடுப்பு வேண்டாம், ஆறே நம்மைக் கொண்டுபோகும். தலைக்கு மேல் சைப்ரஸ் கிளைகள், கீழே ரிப்பன் மாதிரி நீளும் பச்சைப் புல் ஓட்டத்தோடு வளைந்துகொண்டிருக்கும். ஆமைகள் மரக்கட்டையில் வரிசையாக வெயில் காயும். முதல் பத்து நிமிடம் எல்லாரும் கத்திக்கொண்டு வருவோம். வளைவு திரும்பியதும் தானாகவே பேச்சு அடங்கிவிடும்.

இங்கே கெடுபிடி அதிகம், அதை நான் வரவேற்கிறேன். தூக்கியெறியும் எந்தப் பொருளும், சாப்பாட்டுப் பொட்டலமும், மதுவும் ஆற்றுக்குள் கொண்டுபோக முடியாது. எழுபதுகளில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் இறங்கி, மிதித்து, அடிப்புல்லையே அழித்திருக்கிறார்கள். அதன் பின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த பிறகுதான் புல் திரும்ப வளர்ந்தது. இந்தப் பூங்காவுக்குள் காஃபி ஸ்பிரிங் என்றொரு குட்டி ஊற்று. அதில் வாழும் கடுகளவு நத்தை இனம் ஒன்று உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஒரு உயிருக்கு உலகம் மொத்தமும் அந்த ஒரு ஊற்று! இது தெரிந்தபின் அங்கே கால் ஊன்றி நிற்கவே மனம் வராது.

டன்னெலனில் உள்ள ரெயின்போ ஸ்பிரிங்ஸையும் பலர் சொல்வார்கள். நீலம் என்றால் அதுதான் நீலம். ஆனால் குளிக்கும் இடம் தொடக்கத்திலேயே ஐந்தடி, போகப் போகப் பதினெட்டடி வரை ஆழம். நன்றாக நீந்துபவர்களுக்கு மட்டும். பிள்ளைகளோடு போகிறவர்களை நான் அங்கே அனுப்ப மாட்டேன். வீக்கி வாச்சியில் 1947 முதல் நடக்கும் கடற்கன்னி நிகழ்ச்சி சின்னப் பெண்குழந்தைகளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். டாலஹாசி பக்கம் உள்ள வக்குல்லாவில் 1937-ல் கட்டிய விடுதி இருக்கிறது. ஒரு இரவு தங்க முடிந்தால் போகலாம், ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம் இல்லை.

மூன்று தலைமுறையும் ஒரே வண்டியில் இருந்தால் என்ன செய்வது? எனக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் ப்ளூ ஸ்பிரிங்கே போதும். பாட்டிக்கும் பேரனுக்கும் சேர்த்து ஒன்றாகப் பிடித்த ஒரே இடம் அது. கோடையில் என்றால் வாரநாள் காலை வெக்கிவா. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது இடத்தில் எல்லாரும் வண்டியிலேயே தூங்கிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகைகளாக்கி, பல வருடம் அதற்குள் கிடந்துவிட்டுத்தான் இங்கே ஊற்றாக வருகிறது. நாம் புல்தரைக்குப் போடும் உரமும், கழிவுநீர்த் தொட்டியின் கசிவும் அதே வழியாகத்தான் போகின்றன. அவற்றில் உள்ள நைட்ரேட் தண்ணீரில் ஏறினால் பாசி வந்து ஆற்றுப்புல்லை மூடிவிடும். சில்வர் ஸ்பிரிங்ஸில் வரும் தண்ணீர் பழைய அளவில் இல்லை. போல்க் மாவட்டத்தில் கிஸ்ஸெஞ்சென் என்று ஒரு ஊற்று, ஊரே கூடிக் குளித்த இடம், நிலத்தடி நீரை இறைத்து இறைத்து 1950-ல் நின்றே போனது. இன்று அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. 2016-ல் மாநிலம் முப்பது ஊற்றுகளைக் காக்கச் சட்டம் போட்டது. சட்டம் இருக்கிறது, நம் வீட்டுப் புல்லுக்கு உரம் குறைப்பது நம் கையில் இருக்கிறது. நான் மூன்று வருடமாகப் போடுவதில்லை, புல் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

இந்த ஜனவரி இரண்டாம் வாரம் அக்காவும் அத்தானும் வருகிறார்கள். அத்தானுக்கு மூட்டுவலி, அக்காவுக்குக் கடற்பசு பார்க்க வேண்டும். அம்மா போனில் அத்தனை சொல்லி வைத்திருக்கிறார். எந்த நாள் என்று இன்னும் குறிக்கவில்லை. வானிலை பார்த்து, இரவு ஐந்து ஆறு டிகிரிக்கு இறங்கும் ஒரு வாரநாளாகப் பிடிக்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் காபி, அத்தானுக்கு ஒரு மடக்கு நாற்காலி, ஏழு மணிக்கெல்லாம் வண்டி எடுத்துவிட வேண்டும்.